கார் வாங்கும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்

போன மாதம் ஒடுகத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. விவாதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். விஷயம், கார் வாங்குவது. கார் வாங்குவதற்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சண்டையைப் பாதியில் நிறுத்தியது, வீட்டு மூலையில் பிள்ளைகளின் படிப்புக்கு என்று வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர்தான்.

என் அக்கா வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மாதனூர் வழியாக பஸ்ஸில் போய் வருகிறவர். அவருடைய அம்மாவை மாதம் இரண்டு முறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார். அந்தப் பணத்தைச் சேர்த்தால் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாமே என்று கணக்குப் போட்டார். பட்ஜெட் மூன்று லட்சம். புரோக்கர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று வெளிநாட்டுக் கம்பெனியின் கார். 2013ல் தயாரானது, சென்னையில் ஓடி இரண்டு கை மாறி வந்தது. இன்னொன்று நம் நாட்டுக் கம்பெனியின் கார். இரண்டு வருடம் புதிது, விலை ஏறக்குறைய அதேதான். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. வேறு எந்தக் கம்பெனிக்கும் இதே கதை பொருந்தும் என்பதால்.

மாமாவுக்கு வெளிநாட்டு வண்டி மீது ஆசை. "கதவைச் சாத்திப் பாரு மச்சான், எவ்வளவு கெட்டியா சத்தம் வருது. நம்ம வண்டியில தகர டப்பா சத்தம்தான் வரும்" என்றார். எங்கள் பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரன் நாளைக்கே கடையை மூடிட்டுப் போயிடுவான் மாப்ளே. அப்புறம் ஒரு ஹெட்லைட்டுக்கு நீங்க மெட்ராஸ் அலையணும். நம்ம வண்டின்னா குருவராஜபாளையத்துல கூட ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றார்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் "வெளிநாடு", "நம் நாடு" என்று பிரித்ததில்தான் எனக்குச் சந்தேகம். எது வெளிநாட்டுக் கார்?

மாருதியை நாம் எல்லோரும் நம் வண்டி என்கிறோம். 2002லேயே அதன் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் சுசுகி கைக்குப் போய்விட்டது. ஹூண்டாய் கொரியக் கம்பெனி. ஆனால் 1998ல் வந்த சான்ட்ரோ முதல் அதன் கார்கள் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகின்றன. ஜாகுவார் லேண்ட் ரோவர் என்ற இங்கிலாந்து கம்பெனியை 2008ல் வாங்கியது நம் டாடா மோட்டார்ஸ். அந்த ரகக் கார்களும் தயாராகும் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது எந்த நாட்டு வண்டி? பெரியப்பாவைக் கேட்டேன். "வெலை என்னா?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீட்டில் கார் இருந்தால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சேஸிஸ் நம்பர் என்று 17 எழுத்துகளும் எண்களும் கலந்து இருக்கும். இது காரின் சீரியல் நம்பர். உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் போலத்தான். முதல் எழுத்து எந்தப் பகுதியில் தயாரானது என்று காட்டும். ஜப்பான் என்றால் ஜே, கொரியா என்றால் கே, ஜெர்மனி என்றால் டபிள்யூ. இந்தியா என்றால் எம். மாருதி வண்டியில் எம்.ஏ.3 என்று ஆரம்பிக்கும். டாடா எம்.ஏ.டி, மஹிந்திரா எம்.ஏ.1. இனி வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பாருங்கள். ஹூண்டாய் எம்.ஏ.எல், ஹோண்டா எம்.ஏ.கே, ஃபோர்டு எம்.ஏ.ஜே. எல்லாம் எம் தான்! மாமா காட்டிய வெளிநாட்டு வண்டியும் எம் என்றுதான் ஆரம்பித்தது. இன்னொரு சின்ன விஷயம். இந்த நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. பூஜ்யமா, ஓ வா என்று சந்தேகம் வந்தால் பூஜ்யம் என்றே டைப் செய்திடுங்கள்.

சரி, கெட்டி விஷயத்துக்கு வருவோம். கதவுச் சத்தம் காதுக்குத்தான் இனிமை. மோதினால் என்ன ஆகும் என்பதை மோதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைச் செய்து காட்டியது குளோபல் என்கேப் என்ற அமைப்பு. 2014 ஜனவரியில் இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு ரிசல்ட்டை வெளியிட்டார்கள். மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஜப்பான் கூட்டுக் கம்பெனி ஒன்று, சுத்தமான இந்தியக் கம்பெனி ஒன்று, கொரியா ஒன்று, அமெரிக்கா ஒன்று, ஜெர்மனி ஒன்று. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த ஸ்டார் பூஜ்யம். ஐந்திலும் ஏர்பேக் கிடையாது. அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு ஸ்டார் வாங்கியது. ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியச் சந்தையிலிருந்து கம்பெனி எடுத்துவிட்டது.

அரசு விதிப்படி எங்கள் வண்டி சரியாகத்தான் இருக்கிறது என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த விதியே அப்போது தளர்வாக இருந்தது. மோதல் சோதனை இந்தியாவில் கட்டாயம் ஆனதே 2017 அக்டோபரில், அதுவும் புதிய மாடல்களுக்கு மட்டும். பாஸ் மார்க்கைக் குறைத்து வைத்துவிட்டு எல்லோரும் பாஸ் என்பதில் என்ன பெருமை?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். நானோவில் பூஜ்யம் வாங்கிய அதே டாடா, 2018 டிசம்பரில் நெக்ஸானுக்கு ஐந்து ஸ்டார் வாங்கியது. இந்தியாவில் தயாராகி விற்கப்பட்ட காருக்கு இந்தச் சோதனையில் ஐந்து ஸ்டார் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2020 ஜனவரியில் மஹிந்திரா எக்ஸ்யுவி300 ஐந்து வாங்கியது. இதே மஹிந்திராவின் ஸ்கார்பியோ 2016ல் வாங்கியது பூஜ்யம். 2020 நவம்பரில் மாருதி எஸ்-பிரெஸ்ஸோ பூஜ்யம். 2022ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் எஸ்-பிரெஸ்ஸோவைச் சோதித்தபோது மூன்று ஸ்டார். அதுவும் இந்தியாவில் தயாரானதுதான்! 2024 நவம்பரில் மாருதியின் புது டிசையர் ஐந்து ஸ்டார் வாங்கிவிட்டது. ஆக, ஸ்டார் நாட்டுக்குக் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. மாடலுக்கு, வருடத்துக்கு, அதிலும் எந்த வேரியன்ட் என்பதற்குத்தான். 2023 அக்டோபர் முதல் நம் அரசின் பாரத் என்கேப் நடைமுறையில் இருக்கிறது. இரண்டின் ரிசல்ட்டும் இணைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளோபல் என்கேப் 2022 நடுவில் சோதனையைக் கடுமையாக்கியது. அதற்கு முன் வாங்கிய ஐந்தும் பின் வாங்கிய ஐந்தும் ஒன்றல்ல. பழைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கையும் இன்றைய மார்க்கையும் ஒப்பிடுவது போல ஆகிவிடும்.

இதை நான் விளக்கியபோது மாமா ஒரு வார்த்தை சொன்னார். "எங்க தோல் கதையும் இதானே மச்சான்." எனக்குச் சட்டென்று உறைத்தது. 1990 வாக்கில் தோல் கெடாமல் இருக்கப் போடும் பிசிபி என்ற ரசாயனத்தை ஜெர்மனி தடை செய்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகள் ஆடிப் போயின. வெளிநாட்டுக்காரன் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்றுதான் அன்றைக்குப் பேச்சு. ஆனால் மாற்று ரசாயனத்துக்கு மாறினார்கள், ஏற்றுமதி நிற்கவில்லை. 2015 மே முதல் ஐரோப்பாவில் தோலில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதையும் இங்கே டெஸ்ட் செய்துதான் அனுப்புகிறார்கள். ஜெர்மன்காரன் காலுக்குப் போகும் ஷூவுக்கு நாம் இவ்வளவு டெஸ்ட் செய்கிறோம், நம் பிள்ளை உட்காரும் காருக்கு டெஸ்ட் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வர வேண்டும்?

வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் உத்தமர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு திருட்டு, ஃபோக்ஸ்வேகன் செய்தது. டீசல் காருக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம். ஸ்டியரிங் திரும்பவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால், வண்டி புகைச் சோதனையில் நிற்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும். உடனே புகையைக் குறைத்து நல்ல பிள்ளையாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் மாட்டியது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அதற்கு முன்பே 2013ல், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் டவேராவில் சோதனைக்குப் போகும் வண்டிகளில் தில்லுமுல்லு நடந்தது வெளியாகி, 1 லட்சத்து 14 ஆயிரம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ரிப்பேரே வராது என்று பெயர் வாங்கிய டொயோட்டா, தானாக வேகம் எடுக்கும் கார்கள் பற்றிய உண்மையை மறைத்ததற்காக 2014ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. ரிப்பேர் வராத வண்டி என்பது ஒன்று, பாதுகாப்பான வண்டி என்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள்.

"திரும்ப அழைப்பது" என்றேன். ஆங்கிலத்தில் ரீகால். தயாரிப்பில் குறை இருப்பது தெரிந்தால், அந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை தயாரான வண்டிகளைக் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று கம்பெனி சொல்வது. விண்டோஸில் அப்டேட் வருகிறதே, அது போல. சில ரீகால்கள் நிஜமாகவே அப்டேட்தான். 2022 அக்டோபரில் கியா கம்பெனி 44,174 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் சாஃப்ட்வேர் அப்டேட் செய்வதற்கு. சில ரீகால்கள் சாதாரண நட்டு போல்ட் விவகாரம். 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளை ஸ்டியரிங் டை ராடுக்காக அழைத்தது. அதே 2023 ஆகஸ்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யுவி700 கார்களை வயரிங் உரசலைச் சோதிக்க அழைத்தது. ரீகால் செய்த கம்பெனி மோசம் என்று நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் ஒரு ரீகாலும் செய்யாத கம்பெனியைத்தான் நான் சந்தேகப்படுவேன். அப்டேட்டே வராத சாஃப்ட்வேரில் பிழையே இல்லை என்றா நம்புகிறோம்?

அன்றைக்கு மாமாவிடம் அந்த 2013 வண்டியின் சேஸிஸ் நம்பரை வாங்கினேன். பிரவுசரைத் திறந்து கம்பெனியின் இந்திய இணைய தளத்துக்குப் போய், ரீகால் பக்கத்தில் நம்பரை டைப் செய்து என்டர் தட்டினேன். இரண்டு நொடி. டிரைவர் பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் மாற்ற வேண்டியது பாக்கி என்று வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வீட்டில் சத்தம் நின்றது அப்போதுதான்.

இன்ஃப்ளேட்டர் என்பது ஏர்பேக்கை நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஊதும் சின்ன உலோக டப்பா. டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த இந்த டப்பாக்களை ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று பல கம்பெனிகள் தங்கள் கார்களில் பொருத்தின. உள்ளே இருந்த ரசாயனம் அம்மோனியம் நைட்ரேட். வருடக்கணக்கான வெயிலிலும் ஈரக் காற்றிலும் அது பொடிந்து, மோதும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, டப்பாவையே வெடிக்கச் செய்தது. காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்கிலிருந்து இரும்புத் துண்டுகள் பறந்து வந்தன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தார்கள். கம்பெனி 2017ல் திவாலானது. வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள ஊர்களில்தான் ஆபத்து அதிகம் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். சென்னை ஈரத்தில் சில வருடம், வேலூர் வெயிலில் சில வருடம் நின்ற கார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

கம்பெனி கடிதம் அனுப்பவில்லையா? அனுப்பியிருப்பார்கள். முதல் ஓனர் பெயருக்கு, சென்னை விலாசத்துக்கு. அவர் வண்டியை விற்று வருடங்கள் ஆகின்றன. விற்றவருக்குத் தெரியாது, புரோக்கருக்குத் தெரியாது, ஆயில் மாற்றிக் கொடுத்த ஷெட்காரருக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ரீகால் செய்யச் சொல்லும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. 2021 ஏப்ரல் முதல் விதிகளும் வந்தன. அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. ஆனால் இந்த விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். எங்கள் ஊரில் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னையிலும் பெங்களூரிலும் ஓடி அலுத்த வண்டிகள்தான் ஒடுகத்தூருக்கும் அணைக்கட்டுக்கும் வந்து சேர்கின்றன. பழைய குறைகளும் கூடவே வருகின்றன.

அமெரிக்காவில் 2014 முதல் ஒரே அரசு இணைய தளத்தில் எந்தக் கம்பெனி காரின் நம்பரைக் கொடுத்தாலும் பாக்கி ரீகால் தெரிந்துவிடுகிறது. இங்கே நான் தேடியபோது கம்பெனி கம்பெனியாகத்தான் போக வேண்டியிருந்தது. யார் பெயரில் எந்த வண்டி இருக்கிறது என்பது அரசின் வாகன் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றும்போது இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், புகைச் சான்று கேட்கிறார்கள். பாக்கி ரீகாலையும் திரையில் காட்டச் சொன்னால் அது என்ன முடியாத காரியமா? புரோகிராம் எழுதும் நம் பிள்ளைகள் உலகத்துக்கே எழுதிக் கொடுக்கிறார்களே.

அது வரும்வரை நீங்களே பாருங்கள். கம்பெனியின் பெயரோடு "ரீகால் இந்தியா" என்று ஆங்கிலத்தில் தேடினால் போதும். மாருதி தளத்தில் எம்.ஏ.3 தவிர மீதி 14 எழுத்துகளைக் கேட்கிறார்கள். சிலர் முழு 17ஐயும் கேட்கிறார்கள். அட்ரஸ் பாரில் இருப்பது கம்பெனியின் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரீகால் வேலை இலவசம். ஓடிபி சொல்லுங்கள், நூறு ரூபாய் கட்டுங்கள் என்று எந்தப் பக்கமாவது கேட்டால் உடனே மூடிவிடுங்கள். விடையை பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்காக அந்த நம் நாட்டு வண்டியின் நம்பரையும் போட்டுப் பார்த்தேன். ரீகால் எதுவும் இல்லை. பெரியப்பா மாமாவைப் பார்த்து மீசையைத் தடவினார். பிறகுதான் வேரியன்ட்டைப் பார்த்தோம். அடிப்படை மாடல். ஏர்பேக்கே கிடையாது. இல்லாத ஏர்பேக்கை யார் திரும்ப அழைப்பது?

வேலூர் சர்வீஸ் சென்டரில் இன்ஃப்ளேட்டர் வரப் பதினோரு நாள் ஆனது. காசு வாங்கவில்லை. மாற்றிய பில்லைக் கையில் வாங்கிய பிறகுதான் மாமா மீதிப் பணத்தைக் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்தில் பெரியப்பா சொன்னது சரிதான். சைடு கண்ணாடி ஒன்றுக்கே வேலூர் போக வேண்டியிருந்தது. அதை அவர் தினமும் நினைவுபடுத்துகிறார். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்ததும் பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார். பெல்ட் போடாதவரை ஏர்பேக் முழுதாகக் காப்பாற்றாது என்று நான் சொன்னது ஒன்றை மட்டும் நம்பிவிட்டார்.

இப்போது மாமாவுடன் வேலை செய்பவர்கள் சீட்டில் சேஸிஸ் நம்பர் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதுவரை ஏழு சீட்டு. இரண்டில் ரீகால் பாக்கி. ஒருவர் மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனார். இன்னொருவர் போன தீபாவளிக்கே வண்டியைக் குடியாத்தம் பக்கத்து ஆடு வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டாராம். அவர் கொடுத்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர் என்கிறார்கள். பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் போய்த் தேடிப் பார்க்க வேண்டும்.